அறியாமை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கிழங்கு தின்று ஒருவன் வாந்தியெடுத்து விழுந்துவிட்டால் போதும். "தோட்டத்துச் சனங்களுக்கு எதைத் தின்பது என்றே தெரியாது" என்று ஆபீஸ் வராந்தாவில் தீர்ப்பு எழுந்துவிடும். தீர்ப்புச் சொல்லும் அன்பர்களைக் கேட்கிறோம்: 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், உங்கள் பாட்டியின் உலையில் என்ன வெந்தது?

பர்மா அரிசியும் சயாம் அரிசியும் நின்றுபோயின. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். லயத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளியை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. கசப்பு இனத்தில் மிக அதிகம். தோலை உரித்து, துண்டு போட்டு, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் பக்குவத்தை நம் பாட்டிமாருக்கு எந்தத் துரை வந்து கற்பித்தான்?

நாம் வெட்டும் பால்மரத்தின் கொட்டையிலும் அதே நஞ்சுதான். இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரே குடும்பத்துச் செடிகள். காட்டிலுள்ள ஊபி காடோங் வேறு வகை: மூவிலைக் கொடி, தண்டில் முள். வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வெறுமனே அவித்துத் தின்றால் தொண்டை எரியும், தலை சுற்றும், வலிப்பும் வரும். மலாய்க்காரரும் பூர்வகுடி மக்களும் அதை மெல்லிசாக அரிந்து, உப்பிட்டு, ஓடும் நீரில் நாள்கணக்கில் போட்டுவைத்த பிறகே தின்றார்கள்.

இன்று அந்தப் பக்குவம் மறந்துகொண்டே வருகிறது. கேலி மட்டும் அப்படியே இருக்கிறது! அந்தக் கேலிதான் ஆளைக் கொல்கிறது, தோழர்களே. பிள்ளை பால்கொட்டையைத் தின்றது என்று சொல்லத் தாய் கூசுகிறாள், "காய்ச்சல்" என்கிறாள். டாக்டரும் காய்ச்சலுக்கே பார்க்கிறார். சயனைடுக்கு விஷமுறிவு மருந்து உண்டு. ஆனால் தின்றது இன்னதென்று தெரிந்தால்தானே, நேரத்தோடு கொடுத்தால்தானே! புளியைக் கரைத்துக் கொடுத்து, விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களையும் இங்கே மன்னிப்பதற்கில்லை. குரங்கு தின்றதை மனிதனும் தின்னலாம் என்பார்களே, அவர்களையுந்தான்.

கிராணிமார்களே! பாசிர் பெனம்பாங் ஆற்றோரமோ, புக்கிட் ரோத்தானோ, எந்த லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தாலும் "ஏன் தின்றான்?" என்று கேட்காதீர்கள். என்ன தின்றான், எப்போது தின்றான், மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். மிச்சக் கிழங்கையும் இலையையும் ஒரு பையில் போட்டு, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு உடனே வண்டியை விடுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அங்கே கேட்டுக்கொள்வார்.