பச்சிளங்குழந்தையின் மூச்சும் ஆட்சியாளர்களின் பாராமுகமும்

ஹைதராபாத்தின் மேற்கே உள்ள கொண்டாப்பூர், 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர் உருமாறிய பகுதி. பாறைகளும் புதர்களும் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் பாலமூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். கருவுற்ற பெண்களும் அவர்களில் உண்டு. சத்துணவும் ஓய்வும் இன்றிச் சுமை தூக்கும் அந்தப் பெண்களுக்குக் குறைமாதப் பிரசவம் நேர்வதில் வியப்பில்லை. அவ்வாறு பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறினால் எங்கே கொண்டுசெல்வது? சுற்றிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் ரூபாய் கேட்பார்கள். இல்லையேல், தெலங்கானா முழுவதிலுமிருந்தும் நோயுற்ற குழந்தைகள் வந்து குவியும் நிலோஃபர் அரசு மருத்துவமனைக்கு, நெரிசல் மிகுந்த நகரைக் கடந்து ஓட வேண்டும். அந்தக் குழந்தைக்கோ ஒவ்வொரு நிமிடமும் உயிர்ப் போராட்டம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில், சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் படலம் போதுமான அளவு உருவாகியிருக்காது. ஒவ்வொரு மூச்சிலும் சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். குழந்தை முனகும், நெஞ்சு உள்வாங்கும், மூக்குத் துளைகள் விரியும், சோர்ந்துபோய் மூச்சு நின்றுவிடும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் பிறந்த இரண்டே நாளில் இறந்தது இந்த நோயினால்தான். உலகின் வலிமை மிக்க அரசின் தலைவராலும் அன்று அக்குழந்தையைக் காப்பாற்ற இயலவில்லை. ஏனெனில், அன்று அதற்குச் சிகிச்சை இல்லை.

இன்று இருக்கிறது. 1971இல் ஜார்ஜ் கிரிகரி என்னும் மருத்துவர், மூச்சுப் பாதையில் இடைவிடாமல் மெல்லிய காற்றழுத்தம் தந்து நுரையீரலைத் திறந்தே வைத்திருக்கும் முறையை வெளியிட்டார். அதன் எளிய வடிவமே குமிழ் சி-பாப். வெதுவெதுப்பான ஈரக் காற்றும் ஆக்சிஜனும் கலந்து குழந்தையின் மூக்கிற்குச் செல்லும். வெளியேறும் குழாயின் முனை, ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். அந்த ஆழமே அழுத்தத்தின் அளவு. குமிழிகள் எழும்வரை அழுத்தம் இருக்கிறது என்று பொருள். கென்னடியின் மகன் சிகிச்சை இல்லாத காலத்தில் இறந்தான். கட்டுமானத் தொழிலாளியின் குழந்தையோ, அரை நூற்றாண்டாகச் சிகிச்சை இருந்தும் அது தன்னை எட்டாததால் இறக்கிறது. முன்னது அறிவியலின் எல்லை. பின்னது அரசியலின் குற்றம்.

‘நிதி இல்லை’ என்பது ஆட்சியாளர்களின் முதல் பதில். கருவி ஒன்றின் விலை சில லட்சம் ரூபாய். கொண்டாப்பூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள கோகாப்பேட்டையில் 2023 ஆகஸ்டில் அரசு நிலம் ஏலம் விடப்பட்டபோது, ஓர் ஏக்கர் நூறு கோடி ரூபாய்க்கும் மேல் விலை போயிற்று. 2025இல் கச்சிபௌலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரையும் விற்க முனைந்தார்கள்; மாணவர்கள் போராடினார்கள்; உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. முன்னது பாரத் ராஷ்டிர சமிதி ஆட்சி, பின்னது காங்கிரஸ் ஆட்சி. கொடி மாறியது, கொள்கை மாறவில்லை. ஒன்றியத்தை ஆளும் பாஜகவின் கதையும் வேறல்ல. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்திலும், ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு அனைத்தையும் கூட்டினால் கிடைத்தது 1.84 சதவீதமே.

‘காப்பீடு தந்திருக்கிறோமே’ என்பது இரண்டாவது பதில். 2007இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஆரோக்யஸ்ரீ, 2018இல் நாடு முழுவதற்கும் ஆயுஷ்மான் பாரத் என்று திட்டங்கள் வந்தன. காப்பீட்டு அட்டை படுக்கைக்குப் பணம் கட்டும், படுக்கையை உருவாக்காது. தனியார் முதலீடு எட்டிப் பார்க்காத மாவட்டத்தில் அந்த அட்டை வெறும் காகிதம். மக்களின் வரிப்பணம் தனியார் மருத்துவமனைகளின் வருவாயாக மாறுகிறது. அதே பணத்தில் வளர்ந்திருக்க வேண்டிய அரசு மருத்துவமனை மெலிகிறது.

மூன்றாவது பதில் நயமானது: ‘பெருநிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் கருவிகளை நன்கொடையாகத் தருகின்றன, மலிவான கண்டுபிடிப்புகள் ஏழைகளைக் காக்கும்’ என்கிறார்கள். மலிவான கருவிகளை நாம் எதிர்க்கவில்லை. டாக்காவில் மருத்துவர் சிஸ்தி ஷாம்பூ பாட்டிலைக் கொண்டு குமிழ் சி-பாப் அமைத்து, கடும் நிமோனியா கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஆய்ந்தார். 2015இல் வெளியான முடிவுகளின்படி, குறைந்த வேகத்தில் ஆக்சிஜன் பெற்றோரில் 15 சதவீதம் பேர் இறந்தனர். குமிழ் முறையில் 4 சதவீதம். இதுவரை மட்டுமே மேடைகளில் சொல்லப்படுகிறது. 2019இல் மலாவியிலிருந்து வெளிவந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஊட்டச்சத்துக் குறைவு போன்ற கேடுகளும் சேர்ந்திருந்த குழந்தைகளிடம் அதே முறையைக் கையாண்டபோது, ஆக்சிஜன் மட்டும் பெற்றோரைவிடச் சி-பாப் பெற்றோரிடையே இறப்பு அதிகமாக இருந்தது. இவை பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் அல்ல. ஆயினும் பாடம் பொருந்தும்: பாட்டில் தானாக உயிரைக் காப்பதில்லை, அதன் அருகே நிற்கும் பயிற்சி பெற்ற மனிதரே காக்கிறார்.

மூக்குக் குழாய் நழுவினால் குமிழி நின்றுவிடும். அழுத்தம் மிகுந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். ஆக்சிஜனைக் காற்றோடு கலக்கும் கருவியும் அளவு காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இல்லாமல் தூய ஆக்சிஜனை ஓடவிட்டால், பிழைத்த குழந்தை விழித்திரை கெட்டுப் பார்வையிழக்கக்கூடும். இவற்றை இரவும் பகலும் கவனிப்பவர் செவிலியர். அவரை அரசு எப்படி நடத்துகிறது? தமிழகத்தில் தேர்வெழுதி நியமனம் பெற்ற செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த ஊழியர்களாக வைக்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதை மறக்க முடியுமா? கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் அரசு, அதை இயக்குபவருக்கு நிரந்தரப் பணி தர மறுக்கிறது!

கருவியையும் செவிலியரையும் தாங்கும் அடித்தளமோ இன்னும் அவலமானது. 2017 ஆகஸ்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியில், ஆக்சிஜன் வழங்கிய நிறுவனத்திற்கு அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல் நிலுவை வைக்கப்பட்டு, வழங்கல் தடைப்பட்டது. ஐந்து நாட்களில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். ஆக்சிஜன் குறைவால் இறப்பே இல்லை என்று ஆதித்யநாத் அரசு சாதித்தது. மருத்துவர் கஃபீல் கானைச் சிறையில் அடைத்தது. 2021 ஜனவரியில் பண்டாராவிலும், 2024 நவம்பரில் ஜான்சியிலும் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தீப்பற்றியது. பண்டாராவில் பத்துக் குழந்தைகள். ஜான்சியில் அந்த ஓர் இரவிலேயே பத்துக் குழந்தைகள்.

மாற்று வழி இல்லையா? நம் நாட்டிலேயே இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு முதன்முதலில் 2003இல் தொடங்கப்பட்டது இடது முன்னணி ஆண்ட மேற்குவங்கத்தில், பின்தங்கிய புருலியா மாவட்டத்தில்தான். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்துச் செவிலியர்களுக்குத் துணையாக நிறுத்தினார்கள். அம்மாதிரியே பின்னர் நாடெங்கும் பரவியது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 20, உத்தரப்பிரதேசத்தில் 28, தமிழ்நாட்டில் 9, கேரளத்தில் 4. கேரளத்துக் குழந்தையின் நுரையீரல் வேறு விதமாகப் படைக்கப்படவில்லை. நிலச்சீர்திருத்தமும் பெண் கல்வியும், கிராமம்வரை வேரூன்றிய அரசு மருத்துவமனையும், அவற்றுக்காக நடந்த மக்கள் போராட்டங்களும் பெற்றுத் தந்த வேறுபாடு அது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பிரசவம் நடக்கும் மாவட்ட, வட்டார அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் சி-பாப் வசதி; காற்றுக் கலப்பான், ஆக்சிமீட்டர், தடையற்ற மின்சாரம், தீத்தடுப்பு ஆகியவற்றோடு சேர்த்து. ஒவ்வொரு பணிவேளையிலும் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர். அவருக்கு நிரந்தரப் பணி, முழு ஊதியம். கட்டுமானப் பணியிடங்களில் கருவுற்ற பெண்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, சத்துணவு, பரிசோதனை. காப்பீடு வழியே தனியாருக்குப் பாயும் நிதியை அரசு மருத்துவமனைகளுக்குத் திருப்புதல். நிலத்தை விற்றுக் கோபுரம் எழுப்பும் அரசை இவற்றைச் செய்ய வைப்பது மனுக்கள் மட்டுமல்ல. செவிலியரின் போராட்டமும் கட்டுமானத் தொழிலாளியின் போராட்டமும் ஒரே அணியில் சேர வேண்டும். கொண்டாப்பூரின் கோபுரங்களைக் கட்டிய கைகளில் பிறக்கும் குழந்தைக்கு, அக்கோபுரங்களின் நிழலிலேயே மூச்சுவிடும் உரிமை உண்டு. அது எவரும் இடும் பிச்சையன்று.