மல்யுத்த வீரருக்கு மாநிலங்களவைக் கதவைத் திறந்தது எது?

புதுதில்லி: விளையாட்டுத் துறையிலிருந்து மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட முதல் உறுப்பினர் என்ற பெருமை தாரா சிங்குக்கு உரியது. வாஜ்பாய் ஆட்சிக் காலத்தில், 2003 ஆகஸ்டில் நியமிக்கப்பட்ட அவர், 2009 வரை அவையில் இருந்தார். ஆனால், நியமன உறுப்பினர்கள் 12 பேருக்கு அரசியல் சட்டத்தின் 80-வது பிரிவு வகுத்துள்ள துறைகள் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகிய நான்கே. விளையாட்டு அப்பட்டியலில் இல்லை.

தாரா சிங் விஷயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் கலைஞரும்கூட. 1947-இல் பஞ்சாப் கிராமத்திலிருந்து சிங்கப்பூர் சென்று மல்யுத்தத்தில் பெயர் பெற்றவர். கிங் காங்குடன் அவர் மோதிய பந்தயங்கள் தமிழகத்திலும் ஒரு தலைமுறையின் பேச்சாக இருந்தன. 1968-இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வீழ்த்தினார்.

அதற்கு முன்பே, 1962-இல் வெளியான 'கிங் காங்' படம் அவரைக் கதாநாயகனாக்கியிருந்தது. கட்டுடலை மட்டும் நம்பி அவர் நின்றுவிடவில்லை. 1970-இல் 'நானக் துக்கியா சப் சன்சார்' என்ற பஞ்சாபிப் படத்தைத் தயாரித்து இயக்கினார். 1978-இல் மொஹாலியில் சொந்தமாகப் படப்பிடிப்பு நிலையம் நிறுவினார். 1983-இல் மல்யுத்தத்திலிருந்து விலகியபோது, அடுத்த தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பின்னர் தூர்தர்ஷனின் 'ராமாயண்' தொடரில் அனுமனாக வந்து, ஹிந்தி அறியாத இல்லங்களுக்கும் அறிமுகமானார். 2012 ஜூலையில் காலமானார்.

அதே ஆண்டில் சச்சின் டெண்டுல்கர் நியமிக்கப்பட்டபோதுதான் சட்டச் சிக்கல் வெளிப்பட்டது. விளையாட்டு பட்டியலில் இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. நான்கு துறைகளும் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டவையே என்பது மத்திய அரசின் வாதம். 2012 டிசம்பரில் மனு தள்ளுபடியானது. பின்னர் மேரி கோம் 2016-லும், பி.டி. உஷா 2022-லும் நியமிக்கப்பட்டனர். மரபு வலுப்பெற்றது, சட்டத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை.

இருப்பினும், அவையில் ஓர் இருக்கை என்பது ஒரு சிலருக்குக் கிட்டும் கௌரவம் மட்டுமே. திரையுலகம் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை என்பதற்குப் பிரவீண் குமார் சோப்தி உதாரணம். 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர். 'மகாபாரத்' தொடரில் பீமனாகப் புகழ் பெற்றவர். விளையாட்டு வீரர்களுக்கான ஓய்வூதியத்தைப் பஞ்சாப் அரசு தமக்கு வழங்கவில்லை என்று இறுதிக் காலத்தில் பகிரங்கமாக முறையிட்ட அவர், 2022 பிப்ரவரியில் மறைந்தார்.

இருவரும் பஞ்சாபியர், இருவரும் இதிகாச நாயகர்கள். ஒருவரிடம் சொந்த நிறுவனம் இருந்தது. மற்றவர் அரசின் உதவியை எதிர்பார்க்க நேர்ந்தது. களத்தை விட்டு விலகும் வீரரின் வாழ்க்கை திரைப்பட வாய்ப்பையும் ஆட்சியாளரின் விருப்பத்தையும் நம்பியிருக்கக் கூடாது. 80-வது பிரிவில் 'விளையாட்டு' என்ற சொல்லைச் சேர்ப்பது எளிது. பதக்கம் வென்றோரின் முதுமைக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறாத உத்தரவாதம் அளிப்பதே நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டிய கடினமான பணி.