அரை விநாடியில் நாலு மீட்டர்

சென்ட்ரலில் கிளம்பும் ரயில் எதுவானாலும் பேசின் பிரிட்ஜைத் தொடாமல் ஊரைவிட்டு வெளியேற முடியாது. அரக்கோணம் போகிறவை வியாசர்பாடி ஜீவா பக்கம் திரும்பும், கும்மிடிப்பூண்டி, கூடூர் போகிறவை கொருக்குப்பேட்டைப் பக்கம் பிரியும். நடுவில் பெட்டிகளைக் கழுவிச் சரிபார்க்கும் யார்டு. ரயில் பைத்தியம் பிடித்த பையன்களுக்குப் படமெடுக்க இதைவிடத் தோதான இடம் சென்னையில் இல்லை. கேமரா வாங்கப் போகிறவர்கள் படித்துக்கொள்ள வேண்டிய கணக்கும் இங்கேதான் இருக்கிறது.

வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்திலும் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகரும். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சின்ன டிஜிட்டல் கேமராவில் பொத்தானை அழுத்தினால், அது ஃபோகஸ் தேடி முடித்துப் படத்தைப் பதிய அரை விநாடி வரைக்கும் ஆகலாம். அதற்குள் வண்டி நாலு மீட்டர் போயிருக்கும். எஞ்சினின் முகத்துக்கு ஆசைப்பட்டு அழுத்தியவருக்கு அதன் விலா கிடைக்கும். அந்த விலா பத்து மெகாபிக்சலில் இருந்தால் என்ன, பதினாறில் இருந்தால் என்ன?

இந்தக் கேள்வியை இப்போது கேட்கக் காரணம் உண்டு. செத்துப்போனதாக எல்லாரும் எழுதிமுடித்த சட்டைப்பை கேமரா திரும்பி வருகிறது. ஜப்பானின் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சி.ஐ.பி.ஏ.வின் கணக்குப்படி, 2010இல் உலகம் முழுக்கச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சின்ன ரகம். 2023இல் சின்ன ரகம் மட்டும் சுமார் 17 லட்சமாகச் சுருங்கியது. மறுவருஷம் அது கொஞ்சம் ஏறி 19 லட்சத்தை நெருங்கியது. காரணம் இருபது வயதுப் பிள்ளைகள். அப்பாவின் அலமாரியில் கிடந்த பழைய டப்பாவை எடுத்து, ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் வெளிறிய படங்களை எடுத்து ரசிக்கிறார்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் பழைய கேமராவைத் தேடி அலைகிறார்கள். அங்கே அவர்கள் முதலில் கேட்பது “எத்தனை மெகாபிக்சல்ணா?” என்பதுதான். கேட்க வேண்டியது வேகம், பேட்டரி, சேமிப்பு.

இந்த மூன்று தலைவலியும் டிஜிட்டல் கேமராவோடு கூடப் பிறந்தவை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கட்டிய முதல் டிஜிட்டல் கேமராவின் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதற்குப் பதினாறு நிக்கல் காட்மியம் பேட்டரிகள் வேண்டியிருந்தன. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. கேசியோ 1995இல் விற்ற க்யூவி-10 கையடக்கமாகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த 2 எம்.பி. நினைவகத்தில் 96 படங்களுக்குமேல் இடமில்லை. நாலு பென்சில் செல்களை அது தின்று தீர்க்கும்.

பேட்டரி விஷயத்தில், இத்தனை படம் வரும் என்று அட்டைப்பெட்டியில் போடும் எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். அதே சி.ஐ.பி.ஏ. வைத்திருக்கும் விதி இது: அறை வெப்பம் 23 டிகிரி, முப்பது விநாடிக்கு ஒரு படம், ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், ஒவ்வொரு படத்துக்கும் ஜூம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஒழுங்கான சோதனைதான். ஆனால் பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் மே மாதம் 23 டிகிரி எங்கிருந்து வரும்? லித்தியம் பேட்டரி சூட்டில் அன்றைக்கே சோர்ந்துவிடாது. அதன் ஆயுள்தான் உள்ளுக்குள் தேயும். முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் போட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம் தேயும். பத்து வருஷம் டிராயரில் தூங்கிய பேட்டரி 200 படம் தரும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 40இல் கண்ணை மூடலாம். கொஞ்சம் உப்பியிருந்தால் அதை கேமராவுக்குள் திணிக்கவே கூடாது.

பல பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் பேட்டரி இப்போது தயாராவதில்லை. கிடைப்பது போலி, அதன்மேல் அச்சடித்த கொள்ளளவு (எம்.ஏ.எச்.) அதைவிடப் போலி. அதனால்தான் பென்சில் செல் போடும் கேமராவை அனுபவசாலிகள் விடுவதில்லை. கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில் பல மாடல்கள் அப்படிப்பட்டவை. ஆனால் பெட்டிக்கடை அல்கலைன் செல்லைப் போட்டுவிட்டு கேமராவைத் திட்டக் கூடாது. லென்ஸை வெளியே தள்ளவும் ஃபிளாஷை நிரப்பவும் கேமரா ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். அல்கலைன் செல் அந்த இழுப்பில் மூச்சுத் திணறும். கேமரா “தீர்ந்தது” என்று துப்பிய செல்லை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் இதற்குச் சரி.

கார்டு கதை இன்னும் சிக்கல். 2006க்கு முந்தைய எஸ்.டி. கேமராக்களில் பெரும்பாலானவை 2 ஜி.பி. தாண்டினால் கார்டையே படிக்காது. அதற்குப் பின் வந்த எஸ்.டி.எச்.சி. ரகத்துக்கு எல்லை 32 ஜி.பி. சோனியின் பழைய கேமராவுக்கு மெமரி ஸ்டிக் வேண்டும், ஒலிம்பஸ், ஃபியூஜி பழைய மாடல்களுக்கு எக்ஸ்.டி. கார்டு வேண்டும். கேமரா மலிவாகக் கிடைத்து, கார்டு தேடி அலைந்தவர்கள் ஏராளம். பன்னிரண்டு மெகாபிக்சல் படம் ஒன்று நாலைந்து எம்.பி. என்றால் 2 ஜி.பி.யில் நானூறு படமாவது தேறும். 36 படத்துக்கு ஒரு ஃபிலிம் ரோல் போட்ட தலைமுறைக்கு அது பதினொரு ரோல். மலிவாகக் கிடைக்கிற 64 ஜி.பி. கார்டில் வேறு ஆபத்து. உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும், கேமராவிடம் 64 என்று பொய் சொல்லும். எட்டு நிறைந்தபின் எடுத்ததெல்லாம் காணாமல் போகும். வாங்கிய அன்றே கார்டை முழுதாக நிரப்பி, எல்லாம் திறக்கிறதா என்று பார்ப்பதே நல்ல பரிசோதனை.

வேகத்துக்கு மட்டும் காசில்லாத மருந்து உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தி, வண்டி வரப்போகும் இடத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீதிப் பாதியை அழுத்தும்போது தாமதம் பெருமளவு போய்விடும். தண்டவாளத்தில் இறங்காமல், மேம்பாலத்திலிருந்தே இதைச் செய்யலாம்.

இத்தனை வம்பு எதற்கு, போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயம்தான். நீங்கள் அழுத்தும் முன்பே படங்களை ஓடவிட்டுக்கொண்டிருப்பதால் போனில் தாமதமே தெரியாது. ஆனால் கொடுங்கையூரிலோ புளியந்தோப்பிலோ நல்ல போன் வீட்டுக்கு ஒன்று என்றிருக்கும் இடத்தில், அது அப்பாவின் வேலைக்கான போன், அம்மாவின் ஜிபே, தம்பியின் ரீல்ஸ். படமெடுத்தே சார்ஜ் தீர்ந்தால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வழியில்லை. சேமிப்பிடமோ குட் மார்னிங் ரோஜாக்களால் நிரம்பி வழியும். அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் தனி பேட்டரி, தனி கார்டு உள்ள ஒரு கேமரா இருந்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அப்படி நின்று பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரக இந்தியாவைப் பதிவுசெய்யும் பாரி இணைய இதழின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த வடசென்னை கண்காட்சியாக வந்தது. சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய கத்தியும் ரத்தமும் கொண்ட வடசென்னை இல்லை அது.

படம் இங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் வாளியால் எண்ணெயை அள்ளியவர்களின் படங்கள்தான் நாட்டை உலுக்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்த படங்களுக்குப் பிறகே வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் பிசுபிசுக்கும் விரலுக்குத் தொடுதிரை சரியாக மசியாது, பொத்தான் மசியும்.

2011இலேயே மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா ஐந்து சின்ன கேமராவும் ஒரு பெட்டி செல்லும் சார்ஜரும் கொடுத்தால் கஜானா காலியாகாது. நிறுவனச் சட்டம் 2013இன்படி குறிப்பிட்ட அளவு லாபம் பார்க்கும் கம்பெனிகள் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் கம்பெனிகளுக்கா பஞ்சம்? அவர்கள் காசில் வாங்கிய கேமரா அவர்கள் புகைபோக்கியையே படமெடுக்கும் என்ற பயம் இருந்தால், அரசே வாங்கட்டும்.

வாங்கும்போது டெண்டரில் மெகாபிக்சலை எழுதாமல் மூன்று வரி எழுதினால் போதும்: ஆன் செய்து முதல் படம் எடுக்க எத்தனை விநாடி, எந்தக் கடையிலும் கிடைக்கும் செல்லா, எந்தக் கார்டு ரீடரிலும் நுழையும் கார்டா. கார்டை யார், எங்கே வைத்திருப்பது என்பதையும் பள்ளி எழுதிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றைக் கிளை நூலகத்திலும் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய கேமராக்களில் கடிகாரத்தை ஓட்டும் குட்டி பேட்டரி செத்திருக்கும். செல் மாற்றும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும், நேற்று எடுத்த எண்ணெய்ப் படலம் 2008ஆம் ஆண்டுப் படமாகப் பதிவாகும், வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். செல் மாற்றியதும் தேதியைச் சரிசெய்துவிட்டு, முதல் படமாக அன்றைய நாளிதழின் முகப்பை எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.