கண்ணுக்கா, காதுக்கா?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்துச் செவியின் சிறப்பைப் பேசினார். ஆனால், பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வாங்கக் கடைக்குப் போகும் நாமோ, செவியை வீட்டிலே விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துச் செல்கிறோம். மின்னும் விளக்கையும் அட்டைமேல் அச்சிட்ட எண்ணையும் பார்த்துப் பணத்தை நீட்டிவிடுகிறோம். அப்படி நீட்டிய குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து என் கருத்தைச் சொல்லுகிறேன். மாணவ நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியோசையில் நின்றவர். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, இளமையில் வாங்கிய ஓர் அசெம்பிள் செட்டில் நாகசுரமும் பழைய பாடல்களும் கேட்பதுதான். அந்தச் செட்டு வயதாகி 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கிற்று. அண்ணன் தம் தீபாவளி போனசையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து 14,000 ரூபாயோடு என்னை அழைத்துக்கொண்டு அடுத்த நகரத்துக் கடைக்குப் போனார். அப்பாவுக்கு வியப்பாக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லவே இல்லை. '5000 வாட்' என்று எழுதிய, ஆளுயரப் பெட்டிகளோடு திரும்பினோம். தெருவே அதிர்ந்தது. அப்பா மட்டும் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "சத்தம் பெருசாத்தான் சாமி இருக்குது. என்ன பாடறாங்கன்னுதான் வெளங்கல" என்றார். கடைக்காரரோ திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

நாங்கள் செய்த பிழை என்ன?

முதற்பிழை, எண்ணை நம்பியது. பெட்டியின் பின்புறத் தகட்டைப் பிறகுதான் படித்தேன். '230 வோல்ட், 60 வாட்' என்றிருந்தது. ஒரு பழைய கூரை மின்விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தைக்கூட எடுக்காத பெட்டி, 5000 வாட் ஒலியாற்றலை எங்கிருந்து தரும்? ஆற்றல் அழிவின்மை விதியை முதலாண்டிலேயே படித்த இயற்பியல் மாணவன் கடைவாசலில் அதை மறந்துபோனேன், வெட்கம்! பி.எம்.பி.ஓ. என்று போடுவது கண நேரத்துக்கு எட்டக்கூடும் என்று கற்பனையாகக் கணக்கிட்ட எண். அதற்கென்று ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. நாம் பார்க்க வேண்டியது, ஆர்.எம்.எஸ். என்று குறிக்கும் தொடர்ந்த ஆற்றலை. அமெரிக்காவிலும் இந்த எண் விளையாட்டு எல்லை மீறிப் போய், அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் இதற்கென ஒரு விதியே கொண்டுவந்தது. வீட்டு ஆம்ப்ளிபயரின் வாட்டை விளம்பரம் செய்வோர் தொடர்ந்த ஆற்றலை அளந்து சொல்ல வேண்டும் என்றது அவ்விதி. 2024இல் அதைத் திருத்தி மேலும் இறுக்கினார்கள்.

வாட் உண்மையானதாகவே இருந்தாலும், அது கூடக்கூட ஒலியும் அதே அளவுக்குக் கூடும் என்று எண்ணுவது தவறு. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு அது சிறு வேறுபாடே. இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதாவது 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் விலையில் உள்ள தூரம் செவியில் இல்லை!

இரண்டாம் பிழை, ஸ்பீக்கரைத் துணைப்பொருளாக நினைத்தது. நாம் பொதுவாக ஸ்பீக்கரைத்தான் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் பெருக்கும் வேலை ஆம்ப்ளிபயருடையது. மின்னலையை ஒலியலையாக மாற்றும் வேலை ஸ்பீக்கருடையது. கடினமான வேலை இரண்டாவதே. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள் ஆட, அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ள வேண்டும். 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த இந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை. வீட்டு ஸ்பீக்கர் தான் வாங்கும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவையோ, அதற்கும் குறைவாகவோதான் ஒலியாக்குகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். ஓரளவு நல்ல ஆம்ப்ளிபயர், தன் எல்லைக்குள் இயங்கும்போது ஒலியில் சேர்க்கும் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஸ்பீக்கரோ தாழ்ந்த சுரங்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எளிதாகத் திரித்துவிடும். பெட்டிக்குப் பெட்டி ஒலியின் நிறமும் மாறும். ஆகவே, பணம் குறைவாக உள்ளவன் முதலில் செலவிட வேண்டியது ஸ்பீக்கருக்கே என்பது என் துணிபு.

"ஆம்ப்ளிபயர்தானே இதயம்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கூற்றிலும் உண்மை இருக்கிறது. வலுக்குறைந்த ஆம்ப்ளிபயரை எல்லை மீறி முடுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு, முதலில் ட்வீட்டர் கருகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று அமைந்த ஆம்ப்ளிபயரில் 4 ஓம் பூட்டினால் சூடேறிக் கெடலாம். எனவே இரண்டும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தையும் ஸ்பீக்கரிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பது ஸ்பீக்கரின் உணர்திறன். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்துப் பெறும் உரப்பை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். நம் வீட்டு முன்னறைக்கு இவ்வளவு போதாதா? கல்யாண மண்டபத்துக்கா வாங்குகிறோம்?

மூன்றாம் பிழை, அதுதான் பெரும்பிழை; கேட்கப் போகிறவரை விட்டுவிட்டுப் போனது. தறிச் சத்தத்தில் நாள்பட உழைப்போரின் காது முதலில் இழப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்சு வரையுள்ள உயர்ந்த அதிர்வெண்களை. பேச்சில் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவன உயர்ந்த அதிர்வெண்களே. என் தந்தையாருக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை! போதாக்குறைக்குத் தடதடக்கும் வூஃபரின் தாழ்ந்த ஒலி, எஞ்சியிருந்த மெல்லிய ஒலிகளையும் மூடி மறைத்தது. அவருக்கு வேண்டியது பெருத்த ஓசையன்று, தெளிந்த ஓசை. சத்தத்தை இன்னும் ஏற்றினால் எஞ்சிய செவியும் கெடும். வேலையிடத்தில் 85 டெசிபல் ஒலிக்கு எட்டு மணி நேரமே எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். இது காதில் இயர்போன் மாட்டித் திரியும் நம் தலைமுறைக்கும் பொருந்தும்.

பின்பு என்ன செய்தோம்? பரண்மேல் ஏற்றிய பழைய செட்டை இறக்கி உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்தோம். மின்வழங்கியிலிருந்த கப்பாசிட்டர்கள் உலர்ந்ததே அந்த இரைச்சலுக்குக் காரணம் என்றார். மாற்ற 400 ரூபாய். பக்கத்துக்கு 20 வாட் தரும் அந்த ஆம்ப்ளிபயர் எங்களுக்குத் தாராளம். புதுப்பெட்டியைக் கிடைத்த விலைக்கு விற்று, அப்பாவையே அழைத்துக்கொண்டு ஸ்பீக்கர் தேடிப் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் வழக்கமாகக் கேட்கும் பாட்டையே ஒவ்வொன்றிலும் கேட்டார். இறுதியில் அவர் சுட்டிக்காட்டியது, ஆறரை அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட, விளக்கில்லாத, அழகில்லாத சிறிய ஜோடி. விலை 6,500 ரூபாய்.

கண்ணை மூடியது வெறும் பழக்கமன்று, அறிவியல். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஒலியியல் அறிஞர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னும் கண்ணெதிரும் வைத்துக் கேட்கச் செய்தனர். கண்ணால் கண்டதும் கேட்டவர்களின் தீர்ப்பு மாறிப்போயிற்று! இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது உரப்பையும் ஒன்றாக வைக்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறும். விற்பவர்களும் அதை அறிவார்கள்.

செலவின்றிச் செய்யக்கூடிய மேம்பாடும் ஒன்றுண்டு. ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கும். சற்று விலக்கி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வருமாறு வையுங்கள். இரு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையட்டும். நம் சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது செய்த வேலையைப் பல ஆயிரம் ரூபாயும் செய்திராது.

நண்பர்களே! உழைத்துச் சேர்த்த பணம் எண்ணுக்கும் விளக்குக்கும் போகலாகாது. முதலில் பழையதைப் பழுது பாருங்கள். பிறகு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருந்தும் ஆம்ப்ளிபயரைப் பிறகு பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கேட்கப் போகிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, அப்பா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் வைத்திருந்தார். ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய இசை அது. சமையலறையிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "தவுலு தனியாக் கேக்குது பாரு" என்றார். சத்தமோ பக்கத்து வீட்டை எட்டவில்லை.