வக்கீலை எந்தப் பிரிவு கேட்கிறது?

வக்கீல் எழுதாத ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது என்பது சட்டத்தைப் புரட்டிப் பார்க்காத வாதம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு கேட்பது தகுதியுள்ளவர்களின் மனமொப்பிய சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட பிரதிபலன், நோக்கம். அவ்வளவுதான். மரக்காணம் அளத்து உப்பை ஏற்றப் பெருமுக்கல் லாரிக்காரர் பேசினால், மூட்டைக்கு என்ன வாடகை, எடை எங்கே, மழையில் கரைந்தால் நட்டம் யாருக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். 'மழை வந்தால் பார்த்துக்கலாம்' என்ற வரிதான் வழக்கைக் கொண்டுவரும், அதை வக்கீலே எழுதினாலும்.

முத்திரைத்தாள் வேண்டாமா? வேண்டும்தான், ஆனால் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் செத்துவிடாது, தீர்வையும் அபராதமும் கட்டினால் சாட்சியமாக ஏற்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட நிலக் குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். அங்கேயும் போக வேண்டியது சார்பதிவாளரிடம். முன்பணத்துக்கு உழைப்பை அடகு வைக்கும் தாளையோ 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செல்லாததாக்கிவிட்டது. எந்த வக்கீல் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.