போர்வைக்கு ஏற்ற தையற்பொறி

தியாகராய நகரில் தையற்பொறி வாங்கப் புகுவோர் பலர், அது எத்தனை பூத்தையல் இடும் என்றே வினவுகின்றனர். பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பார்க்கு அவ்வினா பயனற்றது என்பது எமது துணிபு. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற பொறி இட்டது நேர்த்தையலே. போர்வைக்கு இன்றும் அது போதும். இடர் வேறு. பொறியின் பற்கள் அடித்துணியை மட்டும் நகர்த்த, மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். ஆகவே மேலிருந்தும் துணியை நகர்த்தும் 'வாக்கிங் புட்' என்னும் பாதமும், சுருட்டிய போர்வை நுழைய ஊசிக்கு வலப்புறம் அகன்ற இடமும் உளவோ என ஆராய்தல் வேண்டும். மயிலாப்பூர் வீடுகளில் உறங்கும் பழைய மிதிபொறிக்கு அப்பாதம் பொருந்துமாயின், புதியது எதற்கு? தையலால் பிழைக்கும் மகளிர்க்கு வேண்டாத அலங்காரத்தின் விலை பலநாட் கூலியன்றோ? வாங்குமுன் வீட்டுச் சேலையை மூன்றடுக்காக்கிக் கொண்டுசென்று, கடையிலேயே தைத்துப் பார்ப்போமாக.