கேரவனுக்குள்ள கேஸ் கீசர் வேண்டாம் மாமா!

எங்க மாமா ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், சமையல் மேடை, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை எல்லாம் செய்து கேரவன் ஆக்கி வைத்திருக்கிறார். டிசம்பர் லீவில் அதில் போடிமெட்டு போனோம். 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு விடுதி வாசலில் நிறுத்தி, அங்கே கரண்ட் எடுத்து கீசரைப் போட்டால்... வெந்நீர் வரவே இல்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பாமலே சுவிட்சைப் போட்டதால் காயில் கருகிவிட்டது. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான்!

ஊருக்கு வந்ததும் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "இதைத் தூக்கிட்டு கேஸ் கீசர் மாட்டிடுங்க. கரண்டே வேண்டாம்." மாமாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுக் குளியலறையில் மாட்டுகிற கேஸ் கீசர், எரியும்போது அந்த அறையின் காற்றையே எடுத்துக்கொண்டு புகையையும் அங்கேயே விடும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மலைக் குளிரில் நாம் முதலில் செய்கிற வேலையே ஜன்னலைச் சாத்துவதுதானே?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரில் இருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு. அங்கே ஜெனரேட்டர், இங்கே கீசர். வாயு ஒன்றுதான்.

"வெளிநாட்டுக் கேரவன்ல கேஸ் ஹீட்டர் இருக்கேடா மாப்ள?" என்றார் மாமா. இருக்கிறது. ஆனால் அதில் எரிகிற பகுதி உள்ளறையோடு சேராமல் அடைக்கப்பட்டிருக்கும். காற்று எடுப்பதும் புகை விடுவதும் வண்டியின் வெளிச்சுவர் வழியாகத்தான். அந்த மாதிரி கிடைத்தால் வாங்கலாம். சுவரில் தொங்குகிற வீட்டு கீசர் அதற்கு மாற்று ஆகாது. வளைவுக்கு வளைவு குலுங்குகிற வண்டியில் அதன் குழாய் இணைப்பு எத்தனை நாள் தாங்கும்?

என் யோசனை எளிது. கருகிய காயிலை மட்டும் மாற்றுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். வண்டி முழுக்க இரும்பு, அதனால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற டிரிப்பரும் போடுங்கள். 10 லிட்டர் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது. கரண்ட் இல்லாத இடமா? வெளியே அடுப்பு வைத்து ஒரு பானை காய்ச்சி, வாளியில் விளாவிக் குளியுங்கள். நம் பாட்டிமார் அப்படித்தானே குளித்தார்கள்!

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவையே தொடங்கியது. நம் பக்கமும் இந்த வண்டிகள் பெருகும். எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக், லைட்டோடு உள்ளே எரிகிற சாதனத்தின் புகை எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மாமா இன்னும் யோசிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?